பிரெஞ்சுச் சிலைக் கடிகாரம்: முன்பக்கம் சொல்லும் வயதும் பின்பக்கம் சொல்லும் வயதும்

காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடையில் பார்த்த கடிகாரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மேலே ஒரு பெண் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள், கையில் யாழ் மாதிரி ஒரு வாத்தியம். வெள்ளை டயலில் ரோமன் எண்கள், அடியில் ஒரு பெயரும் ‘ஆ பாரி’ (பாரிஸில்) என்ற பிரெஞ்சுச் சொல்லும். பின்பக்க மூடியைத் திறந்தால் ‘ஜாப்பி ஃப்ரேர்’ என்றும் 1855 என்றும் வட்ட முத்திரை. நெப்போலியன் காலம், 200 வருஷப் பழசு, தங்கம் பூசிய வெண்கலம் என்று கடைக்காரர் சொல்கிறார். இது உண்மையா, வாங்கினால் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கலாமா என்பது உங்கள் கேள்வி. அவர் சொல்லும் விலைக்கு இது தகுமா என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். பழைய கடிகாரங்களைப் பிரித்துப் பூட்டுவதே பல வருஷமாக என் தொழில். நீங்கள் எழுதியதையும் போட்டிருக்கும் ஒரே படத்தையும் வைத்து உறுதியாகச் சொல்லக்கூடியது சில, ஊகமாகச் சொல்லக்கூடியது சில. இரண்டையும் கலக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

உறுதியானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த முத்திரையில் இருக்கும் 1855 என்பது செய்த வருஷம் அல்ல. பாரிஸில் அந்த வருஷம் நடந்த உலகக் கண்காட்சியில் கிடைத்த பதக்கத்தின் வருஷம். பதக்கம் வாங்கிய கம்பெனிகள் அதைப் பல வருஷம் மிஷினில் அடித்துக்கொண்டே இருந்தன. அதனால் உங்கள் மிஷின் 1855-க்கு முந்தியதாக இருக்கவே முடியாது. எவ்வளவு பிந்தியது என்பதை இந்த முத்திரை மட்டும் சொல்லாது. முதலாம் நெப்போலியன் பேரரசராக இருந்தது 1804-இல் தொடங்கி, 1815-இல் வாட்டர்லூவோடு முடிந்துபோன கதை. அந்தக் காலத்துக்கும் இந்த மிஷினுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் 1852 முதல் 1870 வரை மூன்றாம் நெப்போலியன் ஆண்டார். அவரைச் சொல்கிறார் என்றால் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. எந்த நெப்போலியன் என்று சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பேரம் அங்கேயே பாதி முடிந்துவிடும்.

டயலில் இருக்கும் பெயரும் பின்னால் இருக்கும் பெயரும் வேறு வேறாக இருப்பதில் சந்தேகப்பட எதுவும் இல்லை. அதுதான் வழக்கம். ஜாப்பி என்பது கிழக்கு பிரான்சில், சுவிஸ் எல்லைக்குப் பக்கத்தில் உள்ள போகூர் என்ற ஊர்க் கம்பெனி. சட்டைப்பைக் கடிகார மிஷினின் பாகங்களை இயந்திரம் வைத்துச் செய்ய 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஃப்ரெதெரிக் ஜாப்பி அங்கே தொடங்கிவிட்டார். பிறகு அவர் பிள்ளைகள் காலத்தில் மேஜைக் கடிகார மிஷின்களும் ஆயிரக்கணக்கில் அங்கிருந்து பாரிஸுக்குப் போயின. சாமுவேல் மார்த்தி, வின்சென்ட்டி போன்ற வேறு மிஷின் கம்பெனிகளின் பெயர்களையும் இதேபோல் பின்பக்க முத்திரையில் பார்க்கலாம். பாரிஸில் ஒருவர் சிலையும் பீடமும் வார்ப்பார், இன்னொருவர் எனாமல் டயல் செய்வார், எல்லாவற்றையும் சேர்த்து விற்கும் கடைக்காரர் தன் பெயரை டயலில் எழுதிக்கொள்வார். ஆக, டயலில் இருப்பது பெரும்பாலும் விற்றவர் பெயர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு இவர்தான் இதைச் செய்தார் என்று யாராவது கதை கட்டினால் நம்பாதீர்கள்.

இந்தப் பிரிவினை ஜாப்பிக்கு முன்பே இருந்தது. புரட்சிக்கு முந்தைய பாரிஸில் வார்ப்பவர்களுக்கு ஒரு சங்கம், நகாசு செய்து முலாம் பூசுகிறவர்களுக்கு ஒரு சங்கம், கடிகாரக்காரர்களுக்கு ஒரு சங்கம். ஒருவர் வேலையில் மற்றவர் கை வைத்தால் வழக்கு. 1791-இல் இந்தச் சங்கங்களை ஒழித்த பிறகுதான் தொமீர் மாதிரி ஆட்கள் வார்ப்பு, நகாசு, முலாம் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து பெரிய பட்டறை நடத்த முடிந்தது. பியேர்-ஃபிலிப் தொமீர், க்ளோத் கால், ராவ்ரியோ, லைப்சிக்கிலிருந்து பாரிஸுக்கு வந்த ரைஷ் ஆகியோர்தான் முதலாம் நெப்போலியன் காலத்துப் பெரிய கைகள். இவர்களில் யாரும் எல்லாச் சாமானிலும் கையெழுத்துப் போட்டவர்கள் இல்லை. அதனால் ஏல அறிவிப்புகளில் ‘தொமீருடையது எனக் கருதப்படுகிறது’ என்று எழுதியிருந்தால் அதில் ‘கருதப்படுகிறது’ என்ற சொல்லைத்தான் அழுத்திப் படிக்க வேண்டும்.

சரி, அந்தப் பெண் யார்? கையில் லைர் எனும் கிரேக்க யாழ் இருப்பதால் கவிதைக்கோ இசைக்கோ உரிய தேவதை என்று சொல்லலாம். இந்தக் கடிகாரங்களில் ஆளைக் காட்டிக்கொடுப்பது முகம் அல்ல, கையில் உள்ள பொருள்தான். பூகோள உருண்டையும் காம்பஸும் இருந்தால் வானியலின் தேவதை யுரேனியா. சிறகும் அரிவாளும் உள்ள கிழவர் என்றால் காலம். சிறகுள்ள சிறுவனிடம் அம்பறாத்தூணி இருந்தால் காதல் தேவன் க்யூபிட். ஒரே பெண் உருவத்தை வார்த்து, கையில் உள்ள பொருளை மட்டும் மாற்றிப் பல பெயரில் விற்றிருக்கிறார்கள். 1780-களில் சிற்பி புவாஸோவின் மாதிரியை வைத்துச் செய்த ‘படிப்பும் தத்துவமும்’ என்ற ஜோடி உருவம் (ஒருவர் வாசிக்க, மற்றவர் எழுதிக்கொண்டிருப்பார்) பிறகு எத்தனையோ பட்டறைகளில், எத்தனையோ வகைப் பீடங்களில் ஏறியிருக்கிறது. டேவிட்டின் ‘ஹொராஷியோ சகோதரர்களின் சபதம்’ ஓவியம் 1785-இல் பாரிஸ் கண்காட்சியில் பெரிய பரபரப்பு. பிறகு, அதில் சகோதரர்கள் சபதம் செய்யும் அந்த மூன்று வாள்களும் கடிகாரத்தின் மேல் வந்துவிட்டன. 1788-இல் வெளியான ‘போல், விர்ஜினி’ என்ற இருவரின் காதல் கதையைச் சொல்லும் நாவலும் அப்படித்தான். ஊரே பேசிக்கொண்டிருந்த கதை எதுவோ அது பணக்கார வீட்டுக் கணப்பு மேடைக்குப் போனது. அமெரிக்கச் சந்தைக்காகவும் செய்தார்கள். பாரிஸில் இருந்த துபுக் என்ற கடிகாரக்காரர் பெயரில், ஜார்ஜ் வாஷிங்டன் நின்றிருக்க, பக்கத்தில் உருண்டை மேல் கழுகு உட்கார்ந்த கடிகாரங்கள் இன்றும் அமெரிக்க அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அதே காலத்தில் கறுப்பின மக்களையும் அமெரிக்கப் பழங்குடிகளையும் இறகுக் கிரீடத்தோடு காட்டும் ஒரு வகையும் விற்றது. வேலைப்பாடு நேர்த்திதான். அந்த மக்களை அடிமைகளாக வைத்துச் சம்பாதித்த நாட்டில் அது அலங்காரப் பொருளாக இருந்ததை நினைத்தால் எனக்கு அதை ரசிக்க மனம் வருவதில்லை.

இப்போது வேலைப்பாட்டுக்கு வருகிறேன். விலை நிற்பது இங்கேதான். இதை வெண்கலம் என்று எல்லோரும் சொன்னாலும் முலாம் பூசும் சாமான்களில் பெரும்பாலும் இருப்பது பித்தளைக்கு நெருக்கமான கலவை. செம்பு, நிறையத் துத்தநாகம், கொஞ்சம் வெள்ளீயமும் ஈயமும். அது குறையே இல்லை. முலாம் நன்றாகப் பிடிக்கும் என்பதால்தான் அதை எடுத்தார்கள். மணல் அச்சில் தலை, கை, உடல், பீடத்தின் பூவேலை என்று துண்டு துண்டாக வார்த்து, உள்ளிருந்து திருகாணியால் பூட்டுவார்கள். அச்சிலிருந்து வரும்போது துண்டு சொரசொரப்பாக, சற்று மொண்ணையாக இருக்கும். அதன் பிறகு நகாசுக்காரர் உட்காருவார். சிற்றுளியும் சின்னச் சின்னப் பதிப்பு முளைகளும் வைத்து ஒவ்வொரு மயிரிழையாக, ஒவ்வொரு மடிப்பாக எடுப்பார். வார்ப்பதற்கு ஆகும் நேரத்தைவிட இதற்கு ஆகும் நேரம் பல மடங்கு.

கடைக்குப் போகும்போது ஒரு கைவிளக்கும் பூதக்கண்ணாடியும் எடுத்துப் போங்கள். முகத்தை விட்டுவிட்டுக் கால் விரல்களைப் பாருங்கள். நல்ல பட்டறைச் சாமானில் விரல் நகம் தனித்தனியாக, நகத்தின் ஓரச் சதையோடு தெரியும். சேலையோரக் கரை போல உடையின் ஓரத்தில் ஓடும் பட்டையில் மிக நுண்ணிய புள்ளி அடித்து மங்கலாக்கியிருப்பார்கள். அதை ஒட்டிய மடிப்பு கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும். மங்கலும் மெருகும் சந்திக்கும் கோடு கத்தி வைத்து வெட்டியதுபோல் நிற்க வேண்டும். யாழின் கொம்பு எங்கே கையைத் தொடுகிறதோ அந்த இடுக்கிலும் உளி போயிருக்கிறதா என்று பாருங்கள். யாரும் பார்க்காத இடம் அது. அங்கே கூர்மை இருந்தால் மற்ற இடங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். எல்லா மடிப்பும் சோப்புக்கட்டி தேய்ந்த மாதிரி வழுக்கலாக இருந்தால், ஒன்று, பிற்கால மலிவு வார்ப்பு. இல்லாவிட்டால் பழைய சாமானிலிருந்தே மறு அச்சு எடுத்தது.

தங்கத்துக்கு வருவோம். பழைய முறை பாதரச முலாம். தங்கத்தைப் பாதரசத்தோடு சேர்த்து வெண்ணெய்ப் பதத்தில் ஒரு கலவை செய்வார்கள். அமிலத்தில் சுத்தம் செய்த வெண்கலத்தின் மேல் அதைக் கம்பித் தூரிகையால் தடவி, கரி நெருப்பின் மேல் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிப் போகும், தங்கம் உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். அடுப்பிலிருந்து வரும்போது மங்கலாகத்தான் இருக்கும். பளபளக்க வேண்டிய இடத்தை மட்டும் அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். நான் மேலே சொன்ன மங்கல், மெருகு விளையாட்டு இப்படித்தான் முழுமையாகிறது. ஆவியாகிப் போன பாதரசம் நேராக முலாம் பூசுகிறவரின் நுரையீரலுக்குப் போனது. கை நடுக்கம், பல் உதிர்தல், சீக்கிரச் சாவு. இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்தே இதைச் செய்தார்கள். ராவ்ரியோ 1814-இல் இறந்தபோது, முலாம் தொழிலாளிகளைப் பாதரசத்திலிருந்து காப்பாற்ற வழி கண்டுபிடிப்பவருக்கு 3000 ஃப்ராங்க் பரிசு என்று உயிலில் எழுதி வைத்திருந்தார். வாழ்நாள் முழுக்க அந்த முலாமால் சம்பாதித்த மனிதர். புகையை மேலே இழுத்துப் போகும் புகைபோக்கி அடுப்பு ஒன்றை வடிவமைத்து வேதியியலாளர் தார்செ அந்தப் பரிசைப் பெற்றார். வெண்கலத்துக்கு முலாம் பூசுவது பற்றி அவர் எழுதிய அறிக்கை 1818-இல் வெளிவந்தது. அது பட்டறைக்குள் புகையைக் குறைத்தது, பாதரசத்தை ஒழிக்கவில்லை. 1840-களில் மின்சார முறை வந்த பிறகுதான் பாதரச முலாம் மெல்ல மெல்ல ஒதுங்கியது.

உங்கள் கடிகாரத்தில் எந்த முலாம் என்பதை முன்பக்கப் படத்தை வைத்து நான் உறுதியாகச் சொல்ல முடியாது. 1855-க்குப் பிறகு இரண்டும் பழக்கத்தில் இருந்தன. ஆனால் நேரில் பார்க்கும்போது ஒரு நல்ல தடயம் உண்டு. சிலையின் உட்புறத்தையும் பீடத்தின் பின்பக்கத்தையும் பாருங்கள். பாதரச முலாம் விலை உயர்ந்தது, கையால் தடவுவது. அதனால் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மட்டும் பூசி, ஓரத்தில் அங்கங்கே வழிந்து, உட்புறம் பழுப்பு வெண்கலமாகவே நிற்கும். மின்முலாம் என்றால் சாமானைத் தொட்டியில் முக்கி எடுப்பது. உட்புறத்திலும் மெல்லிய, ஒரே சீரான மஞ்சள் படிந்திருக்கும். இதற்கும் விதிவிலக்கு உண்டு. பழைய சாமானைப் பிற்காலத்தில் பிரித்து மறுமுலாம் போட்டிருந்தால் உட்புறமும் மினுங்கும். தங்கமே இல்லாமல் மஞ்சள் வார்னிஷ் அடித்த மலிவுச் சாமானும் ஏராளம்.

வெண்கலமே இல்லாமலும் இருக்கலாம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து துத்தநாக வார்ப்புச் சிலைகள் பெருகின. பிரெஞ்சில் ரெகுல், ஆங்கில வியாபாரிகள் சொல்வது ஸ்பெல்டர். துத்தநாகம் சுமார் 420 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். வெண்கலத்துக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். உலோக அச்சில் ஊற்றி, ஓரத்தில் உறைந்ததும் மீதியைக் கவிழ்த்துவிட்டால் உள்ளீடற்ற சிலை தயார். வெண்கல நிறமோ தங்க நிறமோ மேலே பூசிவிட்டால் தூரத்திலிருந்து வித்தியாசம் தெரியாது. கடைக்காரர் அனுமதியோடு, அடியில் கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் ஊசியால் ஒரு சின்னக் கீறல். மஞ்சளோ செம்மஞ்சளோ தெரிந்தால் வெண்கலக் குடும்பம், சாம்பல் வெள்ளை தெரிந்தால் துத்தநாகம். விரல் நகத்தால் தட்டினால் வெண்கலம் சற்று நேரம் கணீரென்று நிற்கும், துத்தநாகம் மட்டென்று அடங்கிவிடும். காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, இரண்டிலும் ஒட்டாது. கனத்தை வைத்துத் தீர்மானிப்பதும் ஏமாற்றும், ஏனென்றால் பீடம் சலவைக்கல் என்றால் எல்லாமே கனம்தான். படத்தில் அந்தப் பெண்ணின் மணிக்கட்டில் ஒரு தடிப்பு தெரிகிறது. துத்தநாகச் சிலைகள் மெல்லிய இடத்தில் ஒடிந்து, ஈயப் பற்றுவைத்தால் இப்படித்தான் இருக்கும். வளையலாகவும் இருக்கலாம். அதனால் இந்தச் சந்தேகத்தை நேரில்தான் தீர்க்க வேண்டும். துத்தநாகம் என்றாலே குப்பை என்று ஒதுக்குகிற சேகரிப்பாளர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நல்ல சிற்பியின் மாதிரியில் வந்தவை அழகாகவே இருக்கும். வெண்கல விலை கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

மிஷினும் சிலையும் ஒன்றாகப் பிறந்தவையா என்பது அடுத்தது. பழைய கூட்டில் புது மிஷின் ஏற்றுவது சகஜம். அப்படி என்றால் 1855-க்குப் பிந்தைய மிஷின் முதலாம் நெப்போலியன் காலத்துச் சிலைக்குள் இருக்கவும் வழி உண்டு. இதனால்தான் கடைக்காரர் சொன்னதை நூற்றுக்கு நூறு பொய் என்று நான் எழுதவில்லை. டயல் வளையத்தையும் பின்மூடி வளையத்தையும் இரண்டு பித்தளைப் பட்டைகள் சேர்த்துப் பிடித்திருக்கும். அந்தப் பட்டைகள் நேராக உட்காருகின்றனவா, கூட்டில் பயன்படாத பழைய ஓட்டைகள், அராவி அகலமாக்கிய தடயம் உண்டா என்று பாருங்கள். மிஷினின் பின்தகட்டில் ஒரு எண் இருக்கும். பெண்டுலக் குண்டின் பின்னாலும் அதே எண் இருந்தால் அவை இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். பக்கத்தில் தனியாக இரண்டு சின்ன எண்கள் இருந்தால் அது பெரும்பாலும் பெண்டுலத்தின் நீளம், பழைய பிரெஞ்சு அங்குலக் கணக்கில்.

பெண்டுலம் எதில் தொங்குகிறது என்பதும் வயது சொல்லும், ஓரளவுக்கு. பழையவற்றில் பட்டு நூல். பிறகு வந்தது ப்ரோக்கோ முறை: மெல்லிய எஃகு ஸ்பிரிங்கில் பெண்டுலம் தொங்கும், டயலில் 12-க்கு மேலே உள்ள ஓட்டையில் சாவியின் சின்ன முனையை விட்டுத் திருகினால் வேகம் கூடும் குறையும். ‘ஏ’ பக்கம் திருகினால் வேகம், ‘ஆர்’ பக்கம் திருகினால் மெதுவு. பட்டு நூலில் தொங்கியவற்றைப் பிற்காலத்தில் ப்ரோக்கோவுக்கு மாற்றியிருப்பதால் இதை ஒரே சாட்சியாக வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. மணிக்கு அதற்குரிய எண்ணிக்கையும் அரைமணிக்கு ஒன்றும் அடிக்கும், 12 மணி நேரத்தில் மொத்தம் 90 அடி. பின்னால் விட்டு விட்டு வெட்டுள்ள சக்கரம் இருந்தால் அது எண்ணிக்கைச் சக்கரம். முள்ளை இஷ்டத்துக்குத் தள்ளினால் நாலு மணிக்கு ஏழு அடிக்கும். அதைப் பழுது என்று சொல்லி விலை குறைக்கச் சொல்லாதீர்கள், இரண்டு நிமிஷ வேலை.

புளி விஷயம். வேண்டவே வேண்டாம். புளி, எலுமிச்சை, பாலிஷ் பொடி எதுவும் வேண்டாம். நம் வீட்டுக் குத்துவிளக்கு முழுக்கப் பித்தளை, தேய்த்தால் கீழேயும் பித்தளைதான். இதில் மேலே இருப்பது மைக்ரான் கணக்கில் தங்கம். ஒரு தடவை தேய்த்தால் மூக்கு நுனி, முழங்கால், முலை என்று மேடான இடங்களில் போய்விடும், திரும்ப வராது. மங்கலாக விட்ட இடங்களும் பளபளத்து, நகாசுக்காரர் எடுத்த வேறுபாடு அழிந்துவிடும். மிஷினைக் கழற்றி வைத்துவிட்டு மெல்லிய தூரிகையால் தூசி தட்டினாலே பாதி நிறம் வந்துவிடும். அதற்கு மேல் வேண்டுமானால் முலாம் சாமான் தெரிந்த ஆளிடம் கொடுங்கள். மறுமுலாம் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சாமானை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். மங்கிய பழைய முலாமுக்கு இருக்கும் மதிப்பு, பளபளக்கும் புது முலாமுக்கு இல்லை.

விலையை நான் சொல்லப்போவதில்லை. ஒரு படத்தைப் பார்த்து விலை சொல்கிறவர்களையும் நம்பாதீர்கள். இப்போதைக்கு என் கணிப்பு, இது 1855-க்குப் பிந்தைய, அனேகமாக 19-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதிச் சாமான். வெண்கலமா துத்தநாகமா என்பது திறந்தே இருக்கிறது. அடித்தளம், சிலையின் உட்புறம், மணிக்கட்டு, பின்தகட்டு எண், பெண்டுலக் குண்டின் பின்புறம் ஆகியவற்றின் படங்களைப் போட்டால் இன்னும் கொஞ்சம் நெருக்கமாகச் சொல்கிறேன். அதற்குள் வாங்கியே விட்டீர்கள் என்றால், வண்டியில் ஏற்றும் முன் பெண்டுலத்தைக் கழற்றித் துணியில் சுற்றித் தனியாக வையுங்கள். மாட்டியபடியே கொண்டுபோனால் வீடு சேர்வதற்குள் அந்த எஃகு ஸ்பிரிங் மடங்கிவிடும்.